கும்பகோணத்து இருவரும் மானிட வளர்ச்சியும்

மனிதர் எவ்வாறு வளர்கின்றனர், ஒருவர் வளர்வதுபோல் மற்றவர் வளராததேன் என்னும் வினாக்கள் உளவியலாருக்கு மட்டும் உரியன அல்ல; தொட்டிலருகிலும் மரணப் படுக்கையருகிலும் நிற்கவேண்டிய ஆயருக்கும் உரியன.

ஜெர்மானிய உளவியலறிஞர் பால் பால்டஸ் (1939–2006) வளர்ச்சிக்குரிய காரணங்களை மூவகைப்படுத்தினார்: வயதோடு வருபவை, காலத்தின் வரலாற்றோடு வருபவை, தனி ஒருவருக்கே நேர்பவை. கணிதமேதை இராமானுஜனின் (1887–1920) இளமையில் இம்மூன்றையும் காணலாம். கும்பகோணத்தில் வளர்ந்த அவரைக் குழந்தைப் பருவத்தில் பெரியம்மை தாக்கியது, பிழைத்தார். பின்பிறந்த மூவர் ஓராண்டு நிறையுமுன்னரே மரித்தனர். அது அக்காலத்தின் கொடுமை. 1903இல் கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல் கைக்குக் கிடைத்தது. அஃது அவருக்கே நேர்ந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் நின்று நோக்கவேண்டியது. 1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசு பெற்றவர், அரசுக் கல்லூரியில் பிற பாடங்களைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்திற்கு ஓடினார். பின்னர்ச் சென்னையிலும் தேர்வில் தவறினார். 1912இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகும் வரை நிலையான வேலையில்லை; ஆனால் குறிப்பேடுகள் நிறைந்துகொண்டிருந்தன. எரிக் எரிக்சன் (1902–1994) இத்தகைய காலத்தைத் தன்னடையாளம் தேடும் இளைஞனுக்குரிய தவணைக்காலம் என்பார். லூத்தரின் மடத்து வாழ்வையும் 1958இல் அவர் இவ்வாறே விளக்கினார். தவறிய மாணவர் அனைவரும் மேதையர் அல்லர் என்பது மெய்யே. எனினும், இத்தகைய பையனுக்குக் 'கெட்டகுமாரன்' என்று பெயரிடுவதில் நம் சபைகள் காட்டும் விரைவு வியப்புக்குரியது. பெற்றோர் அவனை அழைத்துவரும்போது, தேர்வு முடிவைக் கேட்குமுன் அவன் எதில் நேரத்தை மறக்கிறான் என்று ஆயர் கேட்கலாமன்றோ?

இராமானுஜன் 32 வயதில் மறைந்தார். பத்து வயதில் அவருக்கு மணமுடிக்கப்பட்ட ஜானகி அம்மாளோ 21 வயதில் கைம்பெண்ணாகி, 1994 வரை வாழ்ந்தார். அவரைப்பற்றி நம் நூல்கள் ஓரிரு வரிகளோடு நிறுத்திவிடுகின்றன. எரிக்சன் நடுவயதின் பணியாகக் கண்டது அடுத்த தலைமுறையைப் பேணுதல். பால்டஸ் வலியுறுத்தியது எவ்வயதிலும் இழப்போடு பேறும் உண்டென்பது. ஜானகி அம்மாள் தையற்கலை கற்றுத் திருவல்லிக்கேணியில் அதனால் தம்மைக் காத்துக்கொண்டார். ஐம்பது வயதையொட்டி ஒரு சிறுவனை மகனாக ஏற்று வளர்த்து ஆளாக்கினார்.