ஜொகூர் வீட்டுத் தொட்டியில் ஒத்துவாழும் மீன்கள்

மலேசியாவின் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் ஜொகூர் மாநிலத்தில், பத்து பஹாட், யோங் பெங் வட்டாரங்களின் அரோவானா பண்ணைகள் முதல் சிறு மீன்களைப் பெருக்கும் மண்குளங்கள் வரை பல வகை மீன்கள் உற்பத்தியாகின்றன. அவற்றில் கணிசமான பகுதி சிங்கப்பூர் வழியாக உலகச் சந்தையை அடைகிறது. இம்மாநிலத்தின் மீன்கடைகளில் அமேசான் படுகையின் நியோன் டெட்ரா, சீனாவில் வளர்த்தெடுக்கப்பட்ட தங்கமீன், தாய்லாந்தின் சண்டைமீன் ஆகிய மூன்றும் அடுத்தடுத்த தொட்டிகளில் காணக் கிடைப்பதால், அவற்றை வீட்டில் ஒரே தொட்டியில் விட்டாலும் பிழையில்லை என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. ஆனால் மீன்களுக்கு இடையேயான இணக்கத்தை முதலில் தீர்மானிப்பவை அவற்றுக்கு வேண்டிய நீரும் அவை அடையும் முழு வளர்ச்சியுமே. குணம் அடுத்த நிலையில்தான் வருகிறது, நிறத்துக்கு இதில் இடமே இல்லை.

நீரில் முதலில் கருதத்தக்கது வெப்பம். குளிரூட்டி இல்லாத ஜொகூர் வீட்டில் தொட்டிநீரின் வெப்பம் பெரும்பாலும் 28 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும், வெயில் நாள்களில் 30 பாகையைத் தொடும். நீர் சூடேறும்போது அதில் கரையும் உயிர்வளி குறைகிறது: 20 பாகையில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையக்கூடிய உயிர்வளி, 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகிவிடுகிறது, அதே வேளையில் மீனின் உடலியக்கம் விரைவடைந்து அதற்கு வேண்டிய உயிர்வளியோ கூடுகிறது. குளிர்ந்த நீருக்குரியதும், நன்கு வளர்ந்தால் ஓரடி நீளத்தை நெருங்கக்கூடியதும், கழிவை மிகுதியாக வெளியேற்றுவதுமான தங்கமீன் இந்நாட்டின் சிறிய தொட்டிக்கு ஏற்றதன்று என்பதற்கு இதுவே முதற்காரணம். 26 பாகைக்கு உட்பட்ட நீரையே விரும்பும் நியோன் டெட்ராவும் இவ்வெப்பத்தில் நீண்டநாள் தாக்குப்பிடிப்பதில்லை. அதன் உறவினமான கார்டினல் டெட்ரா வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்குகிறது.

அடுத்தது நீரின் அமிலத்தன்மை. 0 முதல் 14 வரை செல்லும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். கப்பி மீன் சற்றே காரமான, தாதுக்கள் மிகுந்த நீரில் செழிக்கிறது. ஜொகூரின் சதுப்புக் காட்டு மீன்களோ தாதுக்கள் குறைந்த அமில நீருக்குப் பழகியவை.

இச்சதுப்புக் காடுகளே ஜொகூர் வாசகருக்கு மிகச் சிறந்த பாடநூல். மட்காத இலைகளும் மரத்துண்டுகளும் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து உருவான நிலத்தினூடே மெல்ல நகரும் ஓடைகளில், தாவரச் சாறு கலந்து நீர் கடுந்தேநீரின் நிறத்தை அடைகிறது, பி.எச். அளவு 4 வரையும் இறங்குவதுண்டு. பிறவகை மீன்கள் பிழைக்க முடியாத அந்நீரில் தமக்குள் இடத்தையும் இரையையும் பங்கிட்டுக்கொண்டு வாழும் சிறுமீன்கள் பல. செம்பு நிற உடலில் கரிய முக்கோணம் பதிந்த ஹார்லெகுவின் ரஸ்போரா, 1904இல் டங்கர் என்ற அறிஞரால் விவரிக்கப்பட்டது. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத இம்மீன் கூட்டமாக நடுநீரில் நீந்தி, நீர்த்தாவர இலைகளின் அடிப்புறத்தில் முட்டையிடுகிறது. பாம்பு போன்ற மெல்லிய உடலில் பட்டைகள் கொண்ட கூலி லோச் பகலில் மணலிலும் இலைகளுக்கு அடியிலும் ஒதுங்கி, இருட்டியபின் அடித்தளத்தில் இரை தேடுகிறது. நீர்ப்பரப்பை ஒட்டிக் கோராமி இனத்து மீன்கள் வாழ்கின்றன. செவுளுக்கு மேலுள்ள சிறப்பு உறுப்பால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. இவற்றுள் முனகும் கோராமி, பக்கத்துடுப்பின் நாண்களை அதிரவைத்து, அமைதியான அறையில் மனிதக் காதுக்கும் கேட்கும்படி ஒலியெழுப்புகிறது. பெண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் சாக்லேட் கோராமி இன்னும் அரிய அழகுடையது என்றாலும், அமில நீரை இடைவிடாது பேண இயலாத தொடக்கநிலையினர் அதைத் தவிர்ப்பதே அம்மீனுக்குச் செய்யும் நன்மை.

இக்காட்டு மீன்களிடையே நான்கு சென்டிமீட்டரையும் எட்டாத ஒரு கரிய சண்டைமீனும் உண்டு. ஆயர் ஹித்தாம் நகருக்கு அருகில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1986இல் விவரிக்கப்பட்ட பெட்டா பெர்செபோனி, சதுப்புக் காடுகள் வடிகட்டப்பட்டுச் செம்பனைத் தோட்டங்களாக மாறியதால் அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளது. எஞ்சியுள்ள ஓடைகளிலிருந்து அதைப் பிடித்துவந்து வளர்ப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பிற உள்ளூர் இனங்களிலும் பண்ணையில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குவது முறை.

வளர்ச்சியைப் பொறுத்தவரை, கடையில் விரல் நீளமே உள்ள குஞ்சுகள் வாங்குவோரை ஏமாற்றிவிடுகின்றன. அரோவானா 90 சென்டிமீட்டர் வரையும், செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை. பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைக்கும் என்று வாங்கப்படும் பண்டாராயா மீனும் ஓரடியைக் கடந்துவிடுவதால், வைத்துக்கொள்ள முடியாமல் பலர் ஆற்றில் விட்டதன் விளைவாக, தென்னமெரிக்காவுக்குரிய அம்மீன் மலேசிய ஆறுகளில் இன்று பெருகிக் கிடக்கிறது. குணத்தைப் பொறுத்தவரை, கலப்பினமான பிளவர்ஹார்ன் தனித்தே வளர்க்கப்பட வேண்டியது. ஆண் சண்டைமீன்கள் இரண்டு ஒரே தொட்டியில் இருக்கலாகாது. ஒன்றே இருந்தாலும், அகன்ற வாலுடைய கப்பியைப் போட்டியாளனாகக் கருதி அது தாக்கக்கூடும். புலிக்கெண்டை சிறு கூட்டமாக இருந்தால் பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கிறது. எட்டுக்கு மேல் சேர்ந்தால் அதன் பூசல் பெரும்பாலும் தன் கூட்டத்துக்குள் அடங்குகிறது.

இவற்றையெல்லாம் கருதும்போது, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட, மணலும் தாவரமும் போக 45 லிட்டர் அளவுக்கு நீர் கொள்ளும் தொட்டிக்கு, எட்டு ஹார்லெகுவின் ரஸ்போராக்களும் ஐந்து கூலி லோச்சுகளும் முனகும் கோராமி ஓரிணையும் பொருத்தமான குடும்பமாகும். மூன்றும் ஒரே வகை நீரை விரும்புபவை, ஒன்றையொன்று விழுங்க முடியாத அளவினவை, தொட்டியின் வெவ்வேறு தளங்களில் வாழ்பவை. கோராமி மேலே வந்து காற்றை விழுங்க இடம் விட்டு, லோச் வெளியேறாதவாறு தொட்டியை நன்றாக மூட வேண்டும். நேர்வெயில் படாத இடத்தில் அதை வைக்க வேண்டும். பண்ணையில் பிறந்த இம்மீன்கள் நடுநிலையை ஒட்டிய நீரையும் ஏற்றுக்கொள்ளும் என்றாலும், காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றிரண்டை இட்டால் நீர் அவற்றுக்கு இன்னும் உகந்ததாகிறது.

குழாய்நீரின் குளோரின் மீனுக்கு நஞ்சாதலால், கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்த பின்னரே நீரைப் பயன்படுத்த வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். 25 பாகை நீரில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் 0.6 விழுக்காடு அளவே நச்சு வடிவில் இருக்க, பி.எச். 8 ஆகும்போது அது 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காரநீரில் புதுத்தொட்டி மீன்கள் விரைந்து மடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே நுண்ணுயிர்கள் நிலைபெற்ற பின் முதலில் ரஸ்போராக்களையும், இரண்டு வாரம் கழித்து லோச்சுகளையும் விட்டு, கோராமி இணையைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும்; அது முன்னதாகவே குடியேறிவிட்டால், தொட்டி முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டு, பின்னர் வருபவற்றைத் துரத்தத் தொடங்கிவிடும்.