நகைப்புக்கு மறுமொழி

ஓடும்போது அடிக்கடி விழுகிறான் ஒரு சிறுவன். தொடையில் கையூன்றி மெல்ல எழுகிறான். கண்டு நகைக்கின்றனர் வகுப்புத் தோழர். நகைப்புக்குரியதா அது? இல்லை, தசைச்சிதைவு நோயின் அறிகுறி அது! மரபணுப் பழுதால் தசைக்கு வேண்டிய புரதம் குன்றுகிறது. ஆண்டுதோறும் தசை நலிகிறது. சோம்பலன்று, தொற்றுமன்று.

இந்நோயுடன் வாழ்ந்த சேலத்துச் சகோதரியர் வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் பிறர் இரக்கத்துக்குக் காத்திருந்தாரில்லை. ஆதவ் அறக்கட்டளையை நிறுவித் தம்மைப் போன்ற நோயாளர்க்குத் துணை நின்றனர். நோயைப் பற்றி ஊரறியப் பேசினர். 2017 சனவரியில் மாதேவி மறைந்தார். நோயுற்றவரே நோயை விளக்கும்போது, நகைத்தவர் நாணித் தலைகுனிவர் அன்றோ?

சட்டமும் அவர்கள் பக்கமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பலர் காண வேண்டுமென்றே இழிவுபடுத்துவோர்க்கு அதன் 92ஆம் பிரிவு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எல்லைக்கு இப்பால் உதியன்குளங்கரையாயினும், அப்பால் களியக்காவிளையாயினும் சட்டம் ஒன்றே.

எனினும் தோழர்களே, சிறைக்கு அஞ்சி அடங்கும் நாவினும், உண்மை அறிந்து நீளும் கை மேலானது. சிரிக்கும் கூட்டத்தில் முதலில் எழுந்து தடுப்பவர் மாணவராக இருக்கட்டும்!