ரிமோட்டா, வடமா?

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, செட்டாப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒன்றாக இயக்கவல்ல ரிமோட் இன்று பல இல்லங்களில் உண்டு. யு.எஸ்.பி. வடத்தினால் கணிப்பொறியோடு இணைத்து, பொத்தான்களுக்குரிய கட்டளைகளை அதிற் பதியவைக்கலாம். பதிவின் நடுவே வடம் தொடர்பிழந்தால் கருவி ஊமையாகிவிடக்கூடும். உடனே, "ரிமோட் கெட்டுவிட்டது" என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். பல சமயங்களில் அது அவசரத் தீர்ப்பே.

சாதாரண யு.எஸ்.பி. வடத்தினுள் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு, 5 வோல்ட் மின்சாரத்தைச் சுமப்பவை. மற்ற இரண்டு, செய்தியைச் சுமப்பவை. செய்திக் கம்பி அறுந்திருந்தாலும் ரிமோட்டின் விளக்கு எரியும். அதைக் கண்டு வடம் நலமென நம்பும் இடத்திலேதான் நாம் ஏமாறுகிறோம். சில மலிவான வடங்களில் செய்திக் கம்பிகளே இரா.

ஆகையால், வேறொரு கருவியில் செய்தி கடத்தியதென அறிந்த வடத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். கணிப்பொறி ரிமோட்டை இனங்கண்டுகொண்டால், பதிவைத் தொடக்கத்திலிருந்து நடத்துங்கள். பின்னர் ரிமோட்டின் முனையைக் கைபேசிக் காமிராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி பல காமிராக்களில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். தெரிந்தால், கருவி பேசுகிறது. பேசும் சொல்லில்தான் பிழை.

நினைவகம் முழுவதையும் அழிப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளவேண்டும். பழைய ரிமோட்டிடம் கற்றுவைத்த கட்டளைகளும் அதனோடு அழிந்துபோகலாம். அந்தப் பழைய ரிமோட் இப்போது நம்மிடம் இல்லையெனில் அவற்றை மீட்பது அரிது. வடத்தின் குற்றத்திற்குக் கருவியைத் தண்டிக்காதிருப்போமாக.