ஓடிபி பார்த்துட்டு வர்றதுக்குள்ள ஃபார்ம் காலியா? போன் மெமரிக்குள் நடப்பது இதுதான்!

டிக்கெட் புக்கிங் ஃபார்மை முழுசா நிரப்பிட்டு, ஓடிபி பார்க்க மெசேஜ் பக்கம் போறீங்க. திரும்பி வந்தா ஆப் முதல்லேர்ந்து ஓப்பன் ஆகுது. நிரப்பினது எதுவுமே இல்லை. நெட் ஸ்லோ என்று திட்டுகிறோம். ஆனால் பல நேரங்களில் காரணம் நெட் இல்லை, மெமரி. எப்படி? பார்க்கலாம்.

கெர்னல் என்ன செய்கிறது?

ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். ராம் மெமரியை எந்த ஆப்புக்கு எவ்வளவு கொடுப்பது என்று பார்த்துக்கொள்வது இதுதான். இதற்காக மெமரியை ‘பேஜ்’ எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. வழக்கமாக ஒரு பேஜ் 4 கேபி. அப்படியானால் 4 ஜிபி ராமில் சுமார் 10.5 லட்சம் பேஜ்கள்! ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 64 பைட்டில் ஒரு குறிப்பு. இந்தக் கணக்கு நோட்டுக்கு மட்டுமே 64 எம்பி போய்விடும்.

எது பயன்பாட்டில் இருக்குன்னு எப்படித் தெரியும்?

ஒரு பேஜை எத்தனை இடத்திலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை அந்தக் குறிப்பில் இருக்கும். அது பூஜ்ஜியம் ஆனால் பேஜ் காலி. ஆனால், யாரோ பிடித்து வைத்துக்கொண்டு தொடாமலே விட்டிருந்தால்?

அதற்கும் வழி உண்டு. ஒரு பேஜைத் தொட்டதுமே பிராசசர் அதற்கு ஒரு ‘டிக்’ போட்டுவிடும். கெர்னல் அவ்வப்போது வந்து அந்த டிக்கை அழித்துவிட்டுப் போகும். அடுத்த முறை பார்க்கும்போது மறுபடி டிக் இருந்தால், அது பயன்பாட்டில் இருக்கிறது. இல்லையென்றால் ‘தொடாதவை’ பட்டியலுக்குத் தள்ளப்படும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து, பேஜ்களைப் பல ‘தலைமுறைகளாக’ வயது பிரித்துப் பார்க்கும் வசதியும் சேர்ந்தது.

இடம் போதலைன்னா?

முதலில் வெளியேறுவது தொடாத பேஜ்கள்தான். ஸ்டோரேஜில் அசல் இருக்கும் ஃபைலின் நகல் என்றால் அப்படியே நீக்கலாம். ஆப்பின் சொந்த டேட்டா என்றால் சுருக்கி ராமிலேயே ஒரு ஓரத்தில் வைக்கும். அப்பவும் போதவில்லையா? பின்னணியில் இருக்கும் ஆப்களையே ஆண்ட்ராய்டு மூடிவிடும். அரைகுறை ஃபார்மை சேமித்து வைக்கும்படி ஆப்பை உருவாக்கியிருக்காவிட்டால், நீங்கள் நிரப்பியதும் அதோடு போச்சு.

‘ராம் கிளீனர்’ போடலாமா?

தேவையில்லை. ராம் நிறைந்திருப்பது கோளாறு அல்ல. ஆப் சீக்கிரம் திறக்கத்தான் கெர்னல் நகல்களை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்தால் மறுபடி ஸ்டோரேஜிலிருந்து எடுக்க வேண்டும், பேட்டரிதான் வீண்.

அதற்குப் பதில், முக்கியமான ஃபார்ம் நிரப்பும் முன் கேம், கேமரா போன்றவற்றை மூடிவிடுங்க. ஓடிபியை மேலே வரும் நோட்டிஃபிகேஷனிலேயே பார்த்துக்கோங்க. ஆப்பை விட்டு வெளியே போகாத வரை, அதன் மெமரியில் கைவைக்க கெர்னல் அவ்வளவு சீக்கிரம் வராது.