ஆற்று இறால் குஞ்சுக்கு உப்பு ஏன் வேணும்?



குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் காவிரியில் முன்னெல்லாம் பெரிய பெரிய இறால் கிடைக்கும்னு எங்க அப்பாரு சொல்வார். அது கடல் இறால் இல்லை, ஆற்று இறால். ஆனால் ஆற்றில் வாழும் இந்த இறாலோட குஞ்சு, ஆற்றுத் தண்ணீரிலேயே கிடந்தால் சில நாளில் செத்துப் போகும்! ஏன் தெரியுமா?

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்ட சோதனை ஞாபகம் இருக்கா? தண்ணீர் உள்ளே புகுந்து திராட்சை உப்பிவிடும். அதுதான் சவ்வூடு பரவல். இறாலின் ரத்தத்தில் உப்பு அதிகம், ஆற்று நீரில் ரொம்பக் குறைவு. அதனால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பெரிய இறால் இதைச் சமாளித்துவிடும். செவுளில் உள்ள சில செல்கள் மோட்டார் மாதிரி வேலை செய்து, ஆற்று நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் உள்ளே இழுக்கும். அதிகப்படியான தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். (அந்தத் துவாரம் தலையில், உணர்கொம்புக்கு அடியில் இருக்கிறது. சிரிக்காதீங்க!)

குஞ்சுக்குச் செவுள் முழுசா வளர்ந்திருக்காது. அதனால் தாய் இறால் வயிற்றுக்கடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு முகத்துவாரம் பக்கம் இறங்கிப் போகும். அங்கே ஆற்று நீரும் கடல் நீரும் கலந்திருக்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குஞ்சு பொரிப்பகங்களில் ரோசன்பெர்கி என்ற ஆற்று இறால் இனத்துக்குச் சுமார் 12 கிராம் உப்பு இருக்கும்படி தண்ணீர் கலக்குகிறார்கள். அதன் ரத்தத்தில் உள்ள உப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்! உள்ளேயும் வெளியேயும் சமம் என்றால் மோட்டாருக்கு வேலையே குறைவு. படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குஞ்சு தலைகீழாக, வால் முன்னால் போகிற மாதிரி நீந்தும். தோலை உரித்து உரித்து 11 பருவங்களைத் தாண்டும். சுமார் ஒரு மாதத்தில் 7, 8 மில்லிமீட்டர் நீளத்தில் குட்டி இறாலாகி நேராகத் திரும்பிக்கொள்ளும். அதற்குள் செவுளும் அந்தச் செல்களும் தயாராகிவிடும். இனி நன்னீரில் இருக்கலாம். பொரிப்பகத்தில் அப்பவும் திடீரென்று மாற்ற மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நன்னீரைச் சேர்ப்பார்கள்.

காவிரியில் மால்கம்சோனி என்ற இனமும் உண்டு. அதுவும் இப்படித்தான். கொள்ளிடத்தில் கீழணைக்குக் கீழே இதன் குட்டிகள் கூட்டமாக மேலேறி வருவதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதற்கும் மேலே முக்கொம்பு மேலணை (1836), மாயனூர் கதவணை, பிறகு நம்ம பக்கத்துக் கதவணைகள். இத்தனையும் தாண்டினால்தான் பள்ளிபாளையம். தாய் இறங்கிப் போகவும் இதே வழிதான்.

குட்டி இறால் ஈரக் கல்லில் ஊர்ந்து ஏறும், செங்குத்தான சுவரில்கூட ஏறும். ஆனால் சுவரில் தண்ணீர் வழியணும். காய்ந்த சுவரில் ஏறாது.

– 9-ஆம் வகுப்பு மாணவி