எரிமலைக் குன்றில் ஒரு வெண்கலக் குடும்பம்

நோயும் பஞ்சமுமே ஆப்பிரிக்கா என்று பழகிவிட்ட கண்களுக்கு டகார் நகரில் வேறொரு காட்சி காத்திருக்கிறது. கூடவே, ஒரு கூடை சர்ச்சைகளும்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் பொம்மசந்திரா. தொழிற்பேட்டை, லாரிகள், 2025 ஆகஸ்டில் வந்து சேர்ந்த மெட்ரோ ரயில். ஓசூர் பக்கத்திலிருந்து தினமும் இங்கே வேலைக்கு வரும் தமிழர்களுக்கு ஆப்பிரிக்க முகங்கள் புதிதல்ல. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி 2000-ல் தொடங்கிய நாராயண ஹிருதயாலயா மருத்துவமனைக்கு அந்தக் கண்டத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கையில் மருத்துவ அறிக்கை, முகத்தில் கவலை. பொம்மசந்திரா அறிந்த ஆப்பிரிக்கா அதுதான்.

பெங்களூரின் மற்ற பகுதிகள் அறிந்த ஆப்பிரிக்கா, வாடகைக்கு வீடு தேடி அலையும் மாணவர்கள். 2016 ஜனவரி கடைசியில், சூடான் நாட்டுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். ஆத்திரமடைந்த கும்பல், அந்த விபத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தான்சானிய மாணவி ஒருவரைப் பிடித்துத் தாக்கியது. கறுப்பாக இருந்தார் என்பதைத் தவிர அவர் மீது சொல்ல வேறு குற்றம் இல்லை.

நாம் ஆப்பிரிக்காவைப் பார்ப்பது இப்படி. ஆப்பிரிக்கா தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறது? விடை தேடுபவர்கள் போக வேண்டிய இடங்களில் ஒன்று, கண்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் செனகல் நாட்டின் தலைநகர் டகார். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் வேறு விமானம் மாறித்தான் போக வேண்டும்.

டகாரில் கடலோரமாக இரண்டு பழைய எரிமலைக் குன்றுகள் உண்டு. ஒன்றின் மேல் 1864-லிருந்து கலங்கரை விளக்கம் நிற்கிறது. இன்னொன்றின் உச்சியில், 49 மீட்டர், அதாவது சுமார் 160 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது 'ஆப்பிரிக்க மறுமலர்ச்சி' நினைவுச் சின்னம். கன்னியாகுமரி வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133 அடி. நியூயார்க் சுதந்திர தேவிகூட, பீடத்தைக் கழித்துவிட்டால், இதைவிடக் கொஞ்சம் குள்ளம்தான்.

அடிவாரத்திலிருந்து 198 படிகள். ஏற ஏற உருவங்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. எரிமலை வாயிலிருந்து வெடித்துக் கிளம்பியதுபோல ஓர் ஆண். திறந்த மார்பு, முறுக்கேறிய தோள்கள். ஒரு கையால் ஒரு பெண்ணை அணைத்து மேலே இழுக்கிறான். இன்னொரு கையில் குழந்தை. அந்தக் குழந்தையின் விரல் நீள்வது மேற்கே, அட்லாண்டிக் கடலை நோக்கி. உள்ளே கண்காட்சிக் கூடங்கள் இருக்கின்றன. மின்தூக்கியில் ஏறினால் ஆணின் தலைவரை போய், அங்கிருந்து நகரையும் கடலையும் பார்க்கலாம்.

அந்தக் கடல் சாதாரணக் கடல் அல்ல. விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்கர்களைச் சுமந்துகொண்டு கப்பல்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன வழி அது. டகார் துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோரே தீவில் அடிமைகளை அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் வீட்டைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து கறுப்பின மக்கள் வருகிறார்கள். 1978-லேயே யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த தீவு. கோரேயில் குனிந்த தலை, குன்றின் மேல் நிமிர்கிறது. சிலை சொல்ல வருவது இதைத்தான்.

ஆனால் இந்தப் பெருமையை உள்ளூர்க்காரர்கள் அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை. சிலை, அப்போதைய அதிபர் அப்துலாயே வாடின் கனவு. செனகல் விடுதலை பெற்ற 50-வது ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், 2010 ஏப்ரல் 3 அன்று, ஆப்பிரிக்கத் தலைவர்கள் பலர் முன்னிலையில் அவர் அதைத் திறந்துவைத்தார். அதே நாளில் நகரத் தெருக்களில் எதிர்ப்பு ஊர்வலம். மின்வெட்டும் வெள்ளமும் வாட்டும் நாட்டில் 2 கோடியே 70 லட்சம் டாலர் - அன்றைய மதிப்பில் சுமார் 120 கோடி ரூபாய் - செலவில் சிலை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ரொக்கத்துக்குப் பதிலாக அரசு நிலம் கைமாறியது என்பதும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

யார் செய்தது என்பது அடுத்த சர்ச்சை. உலகப் புகழ் பெற்ற ஊஸ்மான் சோ போன்ற சிற்பிகள் செனகலிலேயே இருந்தார்கள். வேலை போனதோ வட கொரியாவின் மன்சூதே நிறுவனத்துக்கு. மக்கள்தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்களாக இருக்கும் நாட்டில், அரைகுறை ஆடையும் உருவச் சிலையும் இமாம்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லப் போன வாட், கிறிஸ்தவர்களையும் ஏசுவையும் இழுத்துப் பேசி அவர்களையும் புண்படுத்தி, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, யோசனை தன்னுடையது என்பதால் சிலையின் வருமானத்தில் 35 சதவீதம் தனக்கு வேண்டும் என்றார் அவர். 2012 தேர்தலில் வாட் தோற்றார். சிலை நின்றது.

இந்தியர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. 2018-ல் குஜராத்தில் திறக்கப்பட்ட 182 மீட்டர் உயர வல்லபாய் படேல் சிலையின் வெண்கலத் தகடுகள் சீனாவில் வார்க்கப்பட்டவை. கணபதி ஸ்தபதி நம் ஊர்க் கல்லைக்கொண்டு, நம் ஊர்ச் சிற்பிகளின் உளியால் வள்ளுவரை எழுப்பியது அபூர்வமாகிவரும் கதை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆப்பிரிக்க மரபு இந்தியாவுக்கு அந்நியம் அல்ல. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணம் வந்து சேர்ந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசைத் தூக்கி நிறுத்தி மொகலாயர்களைத் திணற அடித்தவர். பிற்காலத்தில் அவுரங்காபாத் என்று பெயர் பெற்ற நகரை உருவாக்கியவரும் அவரே. பொம்மசந்திரா இருக்கும் அதே கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான சாந்தாராம் சித்தி சட்ட மேலவைக்குள் முதன்முதலாக நுழைந்தது 2020-ல். சொந்த மாநிலத்திலேயே அவர்களை 'எந்த நாடு?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

டகாரில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 198 படிகளில் இப்போது இளைஞர்கள் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குகிறார்கள், குடும்பங்கள் படமெடுத்துக்கொள்கின்றன. கட்டியவர் மீது கோபம் இருக்கலாம், கணக்கு கேட்கலாம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் அந்த மூன்று பேரையும் யாரும் நோயாளி என்றோ அகதி என்றோ அழைப்பதில்லை. பெருமை என்பது அதிபர் திறந்துவைக்கும் நாளில் வருவதில்லை. அவர் போன பிறகு, ஜனங்கள் தாங்களாகவே படியேறும்போது வருகிறது.