கொரோனா காட்டிக்கொடுத்த சர்க்கரை

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவரையோ, ஊட்டி மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரி ஓட்டுநரையோ உடம்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சுகரு கொஞ்சந்தானுங்க இருக்குது, மாத்திரையெல்லாம் வேண்டியதில்லீங்க" என்பார்கள். காலில் ஆறாத புண் வரும்வரை அதை நோயாகவே நினைப்பதில்லை. 2021 மே கடைசியில் தினசரிக் கொரோனா தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே மிஞ்சியது. படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த அந்த நாட்களில், கவனிக்காமல் விட்ட சர்க்கரையும் பிரஷரும் என்ன செய்யும் என்பதைக் கொங்கு மண்ணும் கண்டது.

இறந்தவர்களின் கணக்கு

தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் கொரோனா தொற்று விவரங்களை ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயணனும் அவருடைய குழுவினரும் அலசி, 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகளையும், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்த ஆய்வு அது. இறந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய் ஏற்கெனவே இருந்தது. சர்க்கரை நோய் மட்டும் 45 சதவீதம் பேருக்கு. இரத்தக் கொதிப்பு 36 சதவீதம் பேருக்கு. வயதானவர்களுக்கு இந்த நோய்கள் அதிகம் என்பதால், மரணத்துக்குக் காரணம் முழுக்கச் சர்க்கரைதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்கள் அல்ல இவை.

என்னை அதைவிட உலுக்கியது இன்னொரு கணக்கு. அதே 2020இல் தமிழ்நாடு அரசுக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். அதாவது, பத்தில் ஒன்பது பேர் கட்டுப்பாடு இல்லாத நோயோடுதான் பெருந்தொற்றை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் ஏறியே இருந்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகின்றன. இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. கொரோனாவும் அதே உட்சுவரைத்தான் தாக்கி, இரத்தத்தை உறைய வைக்கிறது.

சிகிச்சையிலும் ஒரு சிக்கல். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு அதை நிரூபித்தது. உயிர் காத்த மருந்துதான். ஆனால் அது சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கும், தேவைக்கு மேலான அளவிலும் அது கொடுக்கப்பட்ட இடங்களில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. கண்ணையும் தாடையையும் அரித்த அந்த நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகளே. இன்றும் மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பல வாரங்களாகச் சாப்பிட்டு வந்திருந்தால் மட்டும், திடீரென விடாமல் மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

தடுப்பூசி மீதான பழி

யாராவது இளவயதில் மாரடைப்பால் இறந்தால் "ஊசி போட்டதாலதான்" என்ற பேச்சு டீக்கடையில் உடனே கிளம்பிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை, உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவால் மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நடந்திருப்பது, ஒரே மூச்சில் அளவுகடந்து குடிப்பது, போதைப்பொருள், இறப்புக்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் செய்த கடும் உடலுழைப்பு.

தொற்று வந்து போனவர்களுக்கு

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, கொரோனாவுக்குப் பின் ஓராண்டுக்குள் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல் என்றது. வேலூர் சி.எம்.சி. குணமானவர்கள் 207 பேரைச் சோதித்தபோது, ஏறக்குறைய 44 சதவீதம் பேரின் நுரையீரல் ஆக்சிஜனை இரத்தத்துக்குக் கடத்துவதில் பின்தங்கியிருந்தது. மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள் "அப்பவே சரியாப் போச்சுங்க" என்று விட்டுவிடாமல், எந்த நோய்க்கு மருத்துவரைப் பார்த்தாலும் அதைச் சொல்ல வேண்டும். படியேறும்போது மூச்சு வாங்கினால் நுரையீரலோடு இதயத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

30 வயது தாண்டிய எவரும் மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாங்கிய மாத்திரையை "இப்ப நல்லாத்தான இருக்குது" என்று பாதியில் நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நோய் கட்டுக்குள் இருப்பதே அந்த மாத்திரையால்தான். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும், ஆண்டுக்கொருமுறை சிறுநீரகம், கண் விழித்திரை, பாதம் ஆகியவற்றின் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.